நீலப் பாக்கெட் இருபது ரூபாய்

ஆவின் நீலப் பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய். 2021 மே 16-ஆம் தேதியிலிருந்து இதே விலைதான். அன்றைக்குத்தான் லிட்டர் 43 ரூபாயிலிருந்து 40 ஆனது. அப்போது புதிய அரசு பதவியேற்றதும் முதல்வர் ஸ்டாலின் கையெழுத்துப் போட்ட முதல் ஐந்து கோப்புகளில் அதுவும் ஒன்று. அதற்கப்புறம் வருஷங்கள் ஓடிவிட்டன. பருத்திக்கொட்டை ஏறியது, புண்ணாக்கு ஏறியது, டீசல், ஆள் கூலி எல்லாம் ஏறியது, சென்னையில் ஒரு டீ 15 ரூபாய் ஆகிவிட்டது. நீலப் பாக்கெட் மட்டும் அப்படியே நிற்கிறது. இது தப்பு என்பதுதான் என் வாதம். பால் வாங்கிக் குடிப்பவனாக இருந்துகொண்டேதான் சொல்கிறேன்.

எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸாப் குழுவில் போன வாரம் யாரோ "பால் விலை ஏறப்போகுதாம்" என்று ஒரு செய்தியைப் போட, கோபமும் வசவுமாக நாற்பது ஐம்பது பதில்கள் வந்து விழுந்தன. செய்தி பொய் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்த நாற்பது ஐம்பது பதில்களில் ஒருவர்கூட மாடு வைத்திருப்பவருக்கு என்ன விலை கிடைக்கிறது என்று கேட்கவில்லை. அங்கே எழுதினால் சண்டைதான் வரும், அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

என் அக்கா ஆத்தூர் பக்கம் இருக்கிறாள். நான்கு மாடு, எல்லாம் கலப்பினம், இரண்டு எப்போதும் கறவையில் இருக்கும். காலையில் நாலரைக்கு எழுந்து சாணி அள்ளி, தண்ணி காட்டி, மடி கழுவி, கறந்து, ஆறு மணிக்குள் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்கு, அதாவது ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகவேண்டும். சாயங்காலம் மறுபடியும் இதே வேலை. தீபாவளி, பொங்கல், சாவு வீடு, மகள் கல்யாணம், எந்த நாளானாலும் சரி. மாடு வைத்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒருநாள் வெளியூர் போனதாக எனக்கு நினைவே இல்லை.

சரி, விலைக்கு வருவோம். பேப்பரில் "பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 35 ரூபாய்" என்று 2022-ல் படித்தோம். அது 4.3 சதவீதம் கொழுப்பும் 8.2 சதவீதம் இதர சத்தும் உள்ள பாலுக்கான விலை. ஊரில் முதலாவதை ஃபேட் என்பார்கள், இரண்டாவதை எஸ்.என்.எஃப். என்பார்கள். உங்கள் பால் அதற்குக் கீழே இருந்தால் புள்ளிக்கு இவ்வளவு என்று பைசா கணக்கில் குறைந்துகொண்டே போகும். அந்த அளவைத் தினமும் எட்டிப் பிடிக்கிற மாடு எத்தனை வீட்டில் இருக்கிறது? ஜெர்சிக் கலப்பு கொஞ்சம் பரவாயில்லை. பால் நிறையத் தரும் ஹோல்ஸ்டீன் (ஹெச்.எஃப்.) கலப்பில் ஃபேட் மூன்றரையைத் தாண்டுவதே கஷ்டம். வெயில் காலத்தில் மாடு சரியாகத் தின்னாது, எஸ்.என்.எஃப். விழும். மழைக்காலத்தில் பச்சையை மட்டும் நிறையத் தின்றால் பால் கூடும், ஆனால் தண்ணியாக இருக்கும். தீவனத்தைக் குறைத்தால் இரண்டும் விழும்.

அளக்கிற இடத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். பழைய முறையில் பாலைக் குவளையில் ஊற்றி, அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரை மிதக்கவிடுவார்கள். அதன் கழுத்தில் கோடு கோடாக இருக்கும், 26-லோ 27-லோ 28-லோ நிற்கும். அந்த எண்ணை நான்கால் வகுத்து, அதோடு ஃபேட்டில் ஒரு பங்கையும் சிறு மாறிலி ஒன்றையும் கூட்டினால் எஸ்.என்.எஃப். வரும். அதாவது லாக்டோமீட்டரில் ஒரு கோடு இறங்கினால் எஸ்.என்.எஃப். கால் சதவீதம் இறங்கும். பால் சூடாக இருந்தால் லாக்டோமீட்டர் கீழே இறங்கும், அதைத் திருத்திப் படிக்கவேண்டும். குளிர்ந்திருந்தால் மேலே நிற்கும். பாலின் மேல் நுரை இருக்கும்போது பார்த்தால் ஒரு எண், நுரை அடங்கியதும் பார்த்தால் இன்னொரு எண். இப்போது பல இடங்களில் மெஷின் வந்துவிட்டது, பாலை உறிஞ்சி அரை நிமிஷத்தில் எண்ணைக் காட்டிவிடுகிறது, சீட்டும் வருகிறது. இது நல்ல மாற்றம், மறுக்கவே முடியாது. சீட்டு இல்லாத காலத்தில் வரிசையில் நின்று ஊற்றிவிட்டு, பட்டுவாடா அன்றைக்குத்தான் நம் பால் என்ன விலைக்குப் போனது என்றே தெரியும். இன்றைக்கு அக்காவுக்கு வரிசையில் நிற்கும்போதே தெரிந்துவிடுகிறது. தெரிவதனால் விலை கூடிவிடாதுதான். 35 ரூபாய் விலை இருந்த காலத்தில் அவள் கைக்கு லிட்டருக்கு முப்பத்தொன்று முப்பத்திரண்டுதான் வந்தது. அது ஒன்றும் மோசமான பால் இல்லை, நாம் எல்லோரும் குடிக்கிற பால்தான்.

செலவுக் கணக்கு இது. பத்து லிட்டர் கறக்கிற மாட்டுக்கு, உடம்பு தாங்க ஒன்றரை கிலோவும் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோவும் என்று கணக்குப் போட்டுத் தீவனம் வைப்பார்கள். ஆக ஐந்தரை கிலோ. கிலோ 25 ரூபாய்க்கு மேல், பிராண்டைப் பொறுத்து 30 வரை போகிறது. அதிலேயே நூற்றைம்பது ரூபாய் போச்சு. பச்சைத்தீவனம் சொந்தக் காட்டில் வந்தாலும் அதற்குத் தண்ணி, உரம், அறுக்க ஆள் வேண்டும், வைக்கோல் வெளியில் வாங்கினால் தனி. பத்து லிட்டருக்கு 320 ரூபாய் வருகிறது என்று வைத்தால், எல்லாம் போக நூறு ரூபாய் நின்றால் அது நல்ல நாள். அந்த நூறில்தான் சினை ஊசி, குடற்புழு மருந்து, மடிநோய் வந்தால் டாக்டர், கொட்டகை, இன்சூரன்ஸ் எல்லாம் வரவேண்டும். அப்புறம் மாடு வருஷம் முழுக்கவா கறக்கும்? கன்று போடுவதற்கு முன் இரண்டு மாதம் வற்றிவிடும், அப்போதும் தின்னும். இரண்டு வேளையும் உழைக்கிற அக்காவின் கூலியை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் கணக்கு நஷ்டத்தில்தான் முடியும். பால் உற்பத்திச் செலவில் அறுபது எழுபது சதவீதம் தீவனத்துக்குத்தான் போகிறது என்று கால்நடைத்துறைக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். அந்தத் தீவனத்தின் விலையைச் சந்தை முடிவு செய்கிறது, பாலின் விலையை அரசாணை முடிவு செய்கிறது. சிக்கலே இங்கேதான்.

எந்தக் கட்சி ஆண்டாலும் பால் விலை மாறிய கதை ஒன்றுதான். 2011 நவம்பரில் லிட்டருக்கு ஒரே அடியாக 6.25 ரூபாய் ஏற்றினார்கள், 17.75-லிருந்து 24. அது உள்ளாட்சித் தேர்தல் முடிந்த அடுத்த மாதம். 2014-ல் நாடாளுமன்றத் தேர்தல் முடிந்து சில மாதம் கழித்து, நவம்பர் 1 முதல் ஒரேயடியாக 10 ரூபாய். 2019-ல் வேலூர் தொகுதிக்குத் தள்ளிப்போன தேர்தல் ஆகஸ்ட் 5-ஆம் தேதி முடிந்தது, பால் விலை ஆகஸ்ட் 19 முதல் 6 ரூபாய் ஏறியது. 2021-ல் தேர்தலில் கொடுத்த வாக்குறுதிப்படி 3 ரூபாய் குறைந்தது. இந்தத் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தாலே போதும். மாட்டுத் தீவனம் எப்போது ஏறியது என்பதற்கும் இந்தத் தேதிகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஓட்டு எப்போது போட்டோம் என்பதற்குத்தான் சம்பந்தம்.

இப்படி வருஷக்கணக்கில் கட்டிவைத்து ஒருநாள் அவிழ்த்துவிடுவதால் இரண்டு பக்கமும் அடி. 2014-ல் பத்து ரூபாய் ஏறியபோது மாதம் முப்பது லிட்டர் வாங்குகிற வீட்டுக்கு ஒரே மாதத்தில் 300 ரூபாய் கூடிவிட்டது. அந்தக் கோபம் நியாயமானது. அதே பத்து ரூபாயில் பசும்பால் ஊற்றியவருக்குப் போனது 5 ரூபாய், 23-லிருந்து 28 ஆனது. அதுவும் அதற்கு முன்னால் பல மாதம் நஷ்டத்தில் ஊற்றிய பிறகு. அந்த 28 ரூபாய் 2019 ஆகஸ்ட் வரை, கிட்டத்தட்ட ஐந்து வருஷம் அப்படியே இருந்தது. பிறகு 32. பிறகு மூன்று வருஷம் கழித்து, 2022 நவம்பர் 5 முதல் 35. வருஷத்துக்கு ஒரு ரூபாய், ஒன்றரை ரூபாய் என்று சத்தமில்லாமல் ஏற்றியிருந்தால் வாங்குகிறவருக்கும் தெரிந்திருக்காது, ஊற்றுகிறவரும் மாட்டை விற்றிருக்கமாட்டார்.

2022 நவம்பரில் நடந்தது தனியாகச் சொல்லவேண்டிய விஷயம். கொள்முதல் விலையில் மூன்று ரூபாய் கூட்டினார்கள், நல்லது. ஆனால் விற்பனை விலையை ஏற்றினோம் என்ற பேர் வரக்கூடாது. அதனால் நீலத்தையும் பச்சையையும் தொடாமல், கொழுப்பு அதிகமுள்ள ஆரஞ்சுப் பாக்கெட்டை மட்டும் 48-லிருந்து 60 ஆக்கினார்கள். லிட்டருக்கு 12 ரூபாய்! மாத அட்டை வைத்திருப்பவர்களுக்குப் பழைய 46 ரூபாயே தொடரும், அட்டை இல்லாமல் ஆரஞ்சு வாங்குபவர்கள் பெரும்பாலும் வணிகத்துக்கு வாங்குபவர்கள்தான் என்று விளக்கம் சொன்னார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டீக்கடைக்காரர் என்ன செய்வார்? 60 கொடுத்து ஆரஞ்சு வாங்குவாரா, 44 ரூபாய்க்குக் கிடைக்கிற பச்சைக்கு மாறுவாரா? பச்சையில் 4.5 சதவீதம் கொழுப்பு இருக்கிறது, டீக்கு அது தாராளம். மாறினார்கள். வீடுகளிலும் மாறினார்கள். பச்சை விற்பனை கூடக்கூட, கொழுப்பு அதிகமுள்ள பாலைக் குறைந்த விலைக்குக் கொடுக்கவேண்டிய நிலைமை ஆவினுக்கு. அதே சமயம் கொள்முதலும் குறைந்துகொண்டிருந்தது, ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு வருஷம் கழித்து, 2023 நவம்பரில், பச்சையை நிறுத்திவிட்டு ஊதா நிறப் பாக்கெட்டில் டிலைட் என்ற பால் வரும் என்றார்கள். விலை அதே 44. கொழுப்பு 3.5. விலை ஏறவில்லை என்று சொல்லலாம், அது எழுத்துக்கு எழுத்து உண்மையும்கூட. ஆனால் லிட்டருக்குப் பத்து கிராம் கொழுப்பு போய்விட்டது. கடையில் விற்கிற நெய் விலையில் பத்து கிராம் கொழுப்பு ஏழு ரூபாய் வரும், நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். விலையை நேராக ஏற்றியிருந்தால் மூன்று நான்கு ரூபாயில் முடிந்திருக்கும், தயிரும் முன்போலக் கெட்டியாக உறைந்திருக்கும். எங்கள் வீட்டில் அம்மா முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார், ஆடை படியவில்லை என்று. மக்களுக்குத் தெரியாது என்று நினைப்பதுதான் எனக்குப் பொறுக்கமாட்டாத விஷயம். விலை ஏறினால் திட்டுவோம், ஆனால் காரணம் சொன்னால் கேட்டுக்கொள்வோம். பாக்கெட் நிறத்தை மாற்றி உள்ளே இருப்பதைக் குறைத்தால் நம்பிக்கையே போய்விடும், அதைத் திரும்பக் கொண்டுவர எத்தனை ரூபாய் குறைத்தாலும் முடியாது.

இப்போது கொள்முதல் ஏன் குறைந்தது என்ற கேள்வி. தமிழ்நாட்டில் கறக்கிற பால் நாளொன்றுக்கு இரண்டு கோடி லிட்டருக்கு மேல். வீட்டுச் செலவு போக வெளியே வருவதில் ஆவினுக்குப் போவது முப்பது லட்சம் லிட்டரைச் சுற்றித்தான், மீதியெல்லாம் தனியார் பண்ணைகளுக்கும் பால்காரர்களுக்கும் போகிறது. ஆவின் சிறிய பங்குதான் என்றாலும், தனியாரின் கொள்முதல் விலை அதற்கு ரொம்பக் கீழே போக முடியாது. அதாவது ஆவின் விலைதான் தரை. 2020 ஊரடங்கில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். ஹோட்டல், டீக்கடை, கல்யாண மண்டபம் எல்லாம் மூடியதும் தனியார் விலையைக் குறைத்தார்கள், சில இடங்களில் எடுப்பதையே நிறுத்தினார்கள். அக்கா ஊரில் ஒரு தனியார் வண்டி இரண்டு நாள் வராமல் போய், வந்தபோது லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் குறைத்துத்தான் எடுப்பேன் என்றது. அப்போது ஊரே சொசைட்டி வாசலில் வந்து நின்றது. ஆவின் 32 ரூபாயைக் குறைக்காமல் வாங்கி, விற்காத பாலைப் பவுடராக அடித்து வைத்தது. கூட்டுறவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்கிற பதில் அந்த ஊரடங்கு மாதங்கள்தான்.

ஆனால் 2022, 2023-ல் காற்று மாறி அடித்தது. மாடுகளுக்குத் தோல் கழலை நோய், தீவன விலை, நாடு முழுக்கப் பால் தட்டுப்பாடு. தனியார் விலையை ஏற்றிக் கொடுத்தார்கள். ஆவின் 35-ல் நின்றது. ஊற்றுகிறவர் எங்கே போவார்? போனார்கள். 2023 மார்ச்சில் உற்பத்தியாளர்கள் பசும்பாலுக்கு 42 ரூபாய் கேட்டுப் பாலை நிறுத்திப் போராடினார்கள். அந்த மே மாதம் குஜராத் கூட்டுறவான அமுல் கிருஷ்ணகிரியில் குளிரூட்டும் நிலையம் வைத்து வடமாவட்டங்களில் பால் எடுக்கிறது என்று செய்தி வர, முதல்வர் ஸ்டாலின் ஒன்றிய அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். ஒரு மாநிலக் கூட்டுறவின் பால் எல்லைக்குள் இன்னொரு கூட்டுறவு கொள்முதலுக்கு வருவது சரியில்லை என்ற வாதத்தில் எனக்கு உடன்பாடுதான். வந்து விலையைக் கூட்டிக்கொடுத்து, உள்ளூர்ச் சங்கம் செத்த பிறகு என்ன கொடுப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "லெட்டர் போட்டா லிட்டருக்கு எவ்வளவுடா ஏறும்?" ஏழு மாதம் கழித்துத்தான், 2023 டிசம்பர் 18 முதல், மூன்று ரூபாய் ஊக்கத்தொகை வந்தது. பசும்பால் 38, எருமைப்பால் 47.

அதையும் விலை என்று அறிவிக்காமல் ஊக்கத்தொகை என்றுதான் அறிவித்தார்கள். இது சின்ன விஷயம் இல்லை. விலை என்றால் ஊற்றிய பாலோடு சேர்ந்து பட்டுவாடாவில் வரும், கணக்கில் நிற்கும், நாளைக்குக் குறைக்கவேண்டுமென்றால் வெளிப்படையாக அறிவிக்கவேண்டும். ஊக்கத்தொகை என்றால் பட்ஜெட்டில் நிதி ஒதுக்கி, அது விடுவிக்கப்பட்டு, பிறகு வரவேண்டும். நிதி நெருக்கடி வந்தால் தாமதமாகும், தீவனக் கடைக்காரர் அந்தத் தாமதத்துக்காகக் காத்திருக்கமாட்டார். கர்நாடகத்திலும் லிட்டருக்கு 5 ரூபாய் ஊக்கத்தொகை பல வருஷமாக இருக்கிறது. அங்கே அது விலைக்கு மேல் கொடுக்கிற கூடுதல் பணம், விலையே தனியாக ஏறிக்கொண்டிருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் அங்கத்துக் கூட்டுறவுப் பாலான நந்தினியை லிட்டருக்கு 4 ரூபாய் ஏற்றி நீலத்தை 42-லிருந்து 46 ஆக்கினார்கள், அந்த நான்கும் உற்பத்தியாளருக்கே என்றும் அறிவித்தார்கள். கேரளத்தில் 2022 டிசம்பரில் அந்த மாநிலக் கூட்டுறவான மில்மா 6 ரூபாய் ஏற்றியபோது அதில் 5 ரூபாய்க்குச் சற்று மேல் பால் ஊற்றுகிறவருக்குப் போகும் என்று ஏற்றிய அன்றே சொன்னார்கள். இந்த இரண்டு மாநிலத்திலும் எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்லவரவில்லை. ஏற்றுகிற அன்றைக்கே யாருக்கு எவ்வளவு என்று சொல்கிறார்கள், அதுதான் வேண்டும்.

கடைக்காரர் பக்கத்தையும் பார்க்கவேண்டும், ஏனென்றால் இந்த விவாதத்தில் அவரைத் திருடனாக மட்டும்தான் பேசுகிறார்கள். எங்கள் தெரு அண்ணாச்சி கடைக்குப் பால் வண்டி விடியற்காலம் மூன்றரைக்கு வந்து பாக்கெட் அடுக்கிய டப்பை இறக்கிவிட்டுப் போகும். காசு முன்கூட்டியே கட்டியாகவேண்டும். டப்புக்குள் ஒரு பாக்கெட் ஒழுகினால் மற்றதெல்லாம் நாறும், ஒழுகியது அவர் தலையில். ஃபிரிட்ஜ் இருபத்திநாலு மணி நேரமும் ஓடவேண்டும். நீலம் அரை லிட்டர் விற்றால் ஒரு ரூபாய்கூட முழுசாக நிற்பதில்லை என்கிறார். அதே இடத்தில் தனியார் பால் வைத்தால் விலையும் அதிகம், கமிஷனும் அதிகம். அப்படியிருக்க அவர் எதை முன்னால் அடுக்குவார்? விற்பனை விலையைக் கட்டிவைத்தால் நடுவில் இருப்பவருடைய கமிஷனும் கட்டப்பட்டுப்போகிறது, மின்சாரக் கட்டணமும் ஆள் கூலியும் கட்டப்படுவதில்லை. பால் முகவர்கள் சங்கம் கமிஷனைச் சதவீதக் கணக்கில் கொடுங்கள் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இதன் விளைவுதான் ஃபிரிட்ஜில் வைப்பதற்கென்று கடைக்காரர் வாங்குகிற கூலிங் சார்ஜ். பகலில் போய் ஒரு பாக்கெட் கேட்டால் 21 ரூபாய், சில இடங்களில் 22. அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது சட்டப்படி குற்றம், நான் அதை நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த ஒரு ரூபாயை யார் கொடுக்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். மாதத் தொடக்கத்தில் மொத்தமாகப் பணம் கட்டி அட்டை வாங்க முடிந்தவருக்கு நீலம் லிட்டர் 37 ரூபாய்க்கே கிடைக்கிறது, அரை லிட்டர் 18.50. நான் அப்படித்தான் வாங்குகிறேன், எனக்கு அந்தச் சலுகை தேவையே இல்லை. சாயங்காலம் கூலி வாங்கிக்கொண்டு வந்து குழந்தைக்கு ஒரு பாக்கெட் வாங்குகிறவர் 21 கொடுக்கிறார். பல நாள் அந்த நேரத்துக்கு நீலம் தீர்ந்துபோயிருக்கும், அப்போது லிட்டருக்குப் பத்து ரூபாய்க்கு மேல் அதிகமான தனியார் பால்தான் கிடைக்கும். ஏழைகளுக்காக விலையைக் குறைத்தோம் என்று சொல்லும் சலுகையில் பெரும்பகுதி என் மாதிரி ஆட்களிடம் வந்து நிற்கிறது, அந்தச் சலுகைக்கான பணத்தில் ஒரு பகுதி அக்கா மாதிரி ஆட்களிடமிருந்து போகிறது. இதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்? நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. ஆனால் மின்கட்டணத்துக்கு ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது, கரும்புக்கு வருஷா வருஷம் ஒன்றிய அரசு விலை நிர்ணயிக்கிறது, அதிலெல்லாம் ஆயிரம் குறை உண்டு, இருந்தாலும் விலையை எப்போது பார்ப்பார்கள் என்று ஒரு தேதி இருக்கிறது. பாலுக்கு அதுகூட இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை, ஏப்ரல் மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், தீவன விலையையும் டீசலையும் கூலியையும் பார்த்து, தேர்தல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கொள்முதல் விலையையும் விற்பனை விலையையும் சேர்த்தே திருத்தவேண்டும். ஒரு ரூபாய் ஏறினால் அதில் ஊற்றுகிறவருக்கு எத்தனை பைசா, சங்கத்துக்கு எத்தனை, முகவருக்கு எத்தனை என்று அதே அறிவிப்பில் அச்சடிக்கவேண்டும். தீவனம் இறங்கிய வருஷத்தில் ஏற்றாமல் விடட்டும், யார் வேண்டாம் என்றது?

விலை ஏறினால் ஏழைக் குழந்தை பால் குடிக்காதே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. இதற்கு 40 ரூபாய்ப் பாலைப் பணக்காரனுக்கும் சேர்த்து 40 ரூபாய்க்குக் கொடுப்பது பதில் ஆகாது. கர்நாடகத்தில் 2013-லிருந்து க்ஷீர பாக்யா என்று ஒரு திட்டம், பள்ளிக் குழந்தைகளுக்கும் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கும் 150 மில்லி பால். சங்கங்களில் தேங்குகிற பால்பவுடரைத்தான் அதற்குப் பயன்படுத்துகிறார்கள். ஆக, குழந்தைக்குப் பாலும் கிடைக்கிறது, பால் மிகுந்த மாதங்களில் கொள்முதல் விலை விழாமல் தாங்கிக்கொள்ளவும் முடிகிறது. நம்மிடம் அதைவிட நல்ல அடித்தளம் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த வருஷமே சுமார் 17 லட்சம் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்குப் போனது. உப்புமா, கிச்சடி, பொங்கல் எல்லாம் இருக்கிறது. பால் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆவின் ஒரு நாளைக்கு விற்கிற பால் 25 லட்சம் லிட்டர் என்று வைத்துக்கொண்டால், எல்லோருக்கும் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்ததற்கு வருஷத்துக்கு ஆகும் தொகை 270 கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். 17 லட்சம் குழந்தைகளுக்கு ஆளுக்கு 150 மில்லி என்றால் நாளொன்றுக்கு இரண்டரை லட்சம் லிட்டர் பால் வேண்டும். லிட்டர் 45 ரூபாய் என்று வைத்தாலும், 220 பள்ளி நாளுக்கு 250 கோடிதான் வருகிறது. காய்ச்ச கேஸ், டம்ளர், ஆள் என்று இன்னும் கொஞ்சம் கூடும். கிட்டத்தட்ட அதே பணம்தான். அந்த இரண்டரை லட்சம் லிட்டரைச் சங்கங்களிடமிருந்து 38-க்கோ 40-க்கோ எடுத்தால் ஆத்தூர், ஊத்தங்கரை, செய்யாறு, விளாத்திகுளம் என்று எந்த ஊர்ப் பாலையும் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே கொடுத்துவிடலாம், சென்னைக்கு டேங்கரில் ஏற்றவேண்டிய வேலையும் இல்லை. என் அட்டையில் மூன்று ரூபாய் ஏறட்டும், நான் தாராளமாகக் கட்டுகிறேன். எங்கள் வாட்ஸாப் குழுவில் இந்தக் கணக்கை இன்று ராத்திரி போடப்போகிறேன், திட்டுகிறவர்கள் 17 லட்சத்தை 150 மில்லியால் பெருக்கிப் பார்த்துவிட்டுத் திட்டட்டும்.